அப்பாவுக்கு கார் பரிசு விழுந்ததாகக் கடிதம், 48,900 ரூபாய் கட்டிவிட்டார் – இன்னும் கட்டாமல் எப்படித் தடுப்பது?

கோவில்பட்டிக்காரன்:

வணக்கம். காலையிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. எழுதுவது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. தீப்பெட்டி ஆபீஸில் 31 வருஷம் கணக்கு எழுதியவர். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்காமல் படுக்க மாட்டார். அவரைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்பீடு போஸ்டில் ஒரு கவர் வந்திருக்கிறது. ஊரறிந்த ஆன்லைன் கடை ஒன்றின் பெயரைப் போட்டு வழவழ தாளில் கடிதம், சுரண்டிப் பார்க்கும் கார்டு, வங்கி விவரம் கேட்கும் படிவம், கீழே அரசு முத்திரை மாதிரி இரண்டு சீல். அப்பா ஐந்து ரூபாய்க் காசால் சுரண்டியிருக்கிறார். கார் விழுந்திருக்கிறது, மதிப்பு 14,80,000 ரூபாய். போன் செய்தால் நல்ல தமிழில் ஒருவன் "வாழ்த்துகள் அய்யா, கார் வேண்டாம்னா பணமாவே வாங்கிக்கலாம்" என்றானாம்.

முதலில் பதிவுக் கட்டணம் 4,500. ஒரு வாரம் கழித்து ஒரு சதவீத வரி என்று 14,800. அப்புறம் ஏதோ தடையில்லாச் சான்றுக்கு இரண்டு சதவீதம், 29,600. முதல் இரண்டையும் வங்கியில் சலான் எழுதிக் கட்டினார். மூன்றாவதை நேற்று சாயங்காலம் பஜாரில் ஒரு மொபைல் கடையில் ரொக்கமாகக் கொடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். இன்று காலையில் இன்னும் 52,000 கேட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சங்கிலியைக் கேட்டிருக்கிறார், அடகு வைக்க. அம்மா எனக்குப் போன் செய்ததால்தான் விஷயமே தெரிந்தது. சென்னையிலிருந்து பஸ் ஏறிவிட்டேன், இப்போது விழுப்புரம் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொன்னால் அப்பா நம்ப மாட்டேன் என்கிறார். "நீ நடுவுல புகுந்து கெடுத்துராதே" என்கிறார். என்ன செய்யட்டும்?

வைகைக்கரை:

மற்றதெல்லாம் அப்புறம். பஸ்ஸில் இருந்தபடியே 1930க்கு, சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண்ணுக்கு, போன் போடுங்கள். இந்த நிமிஷமே. கடைசிப் பணம் நேற்று சாயங்காலம்தான் போயிருக்கிறது என்றால் அது இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் கிடக்க வாய்ப்பு இருக்கிறது.

பணம் போன நேரம், தொகை, போய்ச்சேர்ந்த கணக்கு எண் அல்லது யுபிஐ ஐடி, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்பார்கள். கடைக்காரர் தன் கணக்கிலிருந்து அனுப்பியிருப்பதால் அந்த எண் அவர் போனில்தான் இருக்கும். அம்மாவையோ பக்கத்து வீட்டுப் பையனையோ உடனே கடைக்கு அனுப்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவிடம் இப்போது வாதாட வேண்டாம்.

கோவில்பட்டிக்காரன்:

பேசிவிட்டேன். தமிழிலேயே பேசினார்கள், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்துவிட்டது. கடைத் தம்பி பாவம், பயந்து போய் எல்லா விவரமும் எடுத்துக் கொடுத்தான். நன்றி அண்ணே, நீங்கள் சொல்லாவிட்டால் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இதை யோசித்திருப்பேன்.

பழைய கேஷியர்:

தம்பி, நான் 36 வருஷம் வங்கியில் இருந்தவன். விவரமாகவே சொல்கிறேன், உங்கள் அப்பாவிடம் பேசும்போது உதவும். கணக்கு எழுதியவரிடம் கணக்காகப் பேசினால்தான் எடுபடும்.

அவர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி, "பரிசுக்கு வரி உண்டா இல்லையா?" உண்டு. லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். பரிசு பெற்றவர் முன்பணமாக வரி கட்டுவது என்பது பணப் பரிசில் கிடையவே கிடையாது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று சின்னச் சின்னதாகக் கேட்பதற்குக் காரணம், 14 லட்சத்துக்கு முன்னால் 14,800 சில்லறையாகத் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் நுழைவதும் அந்தச் சந்தில்தான். கார் மாதிரி பொருளாகப் பரிசு கொடுத்தால், அதிலிருந்து வரியைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. அதனால் வரி கட்டப்பட்ட பிறகுதான் பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கார் பரிசு என்று ஆரம்பிக்கும்போது விவரம் தெரிந்த ஆளுக்கே ஒரு நிமிஷம் 'சரிதானே' என்று தோன்றும். ஆனால் அந்த வரி பான் எண்ணைப் போட்டு அரசுக் கணக்குக்குப் போகிற பணம். ஏதோ ஊர்க் கிளையில் தனி ஆள் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்குக்குப் போகாது. அப்பா கையில் சலானின் அடிக்கட்டை இருக்கும். அதில் உள்ள ஐஎஃப்எஸ்சி கோடு எந்தக் கிளை என்று பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். பெரும்பாலும் வேறு மாநிலமாக இருக்கும்.

அந்தக் கணக்கு மோசடிக்காரனுடையதாகவும் இருக்காது. யாரோ மாணவன், கூலித் தொழிலாளி, ஐந்தாயிரம் பத்தாயிரத்துக்குத் தன் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் வாடகைக்கு விட்டிருப்பான். பணம் விழுந்த சில நிமிஷத்தில் அது நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து எங்காவது ஏடிஎம்மில் வெளியே வந்துவிடும். 1930க்குச் சொன்னதும் அந்தச் சங்கிலியில் இருக்கும் வங்கிகளுக்கெல்லாம் தகவல் போகும், எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதைப் பிடித்து வைப்பார்கள். எடுத்துவிட்ட பணத்தைப் பிடிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வங்கி நஷ்டத்தைக் கொடுத்துவிடும் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட வாடிக்கையாளர் பாதுகாப்பு விதி, நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால்தான் கைகொடுக்கும். நாமே சலான் எழுதிக் கட்டினால் அது வராது.

ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 74 வயதுக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத ஊர்க் கணக்குக்கு 14,800 அனுப்பும்போது கவுண்டரில் இருந்தவர், "யாருக்கு அய்யா இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோவில்பட்டிக்காரன்:

கேட்டிருக்கிறார்கள் சார். அப்பாவே சொன்னார். "பேங்க்ல கேட்டா நிலத்துக்கு அட்வான்ஸ்னு சொல்லுங்க, பரிசுன்னு சொன்னா கமிஷன் கேப்பாங்க" என்று அந்த ஆள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறான். பொய்யே சொல்லாத மனுஷன், கவுண்டரில் நின்று பொய் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேர்வழி:

நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவிடமிருந்து போனை வாங்கிவிடுங்கள், பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் மாமனார் விஷயத்தில் அப்படித்தான் செய்தோம். சாதாரண பட்டன் போன், மாதச் செலவுக்கு ரொக்கம். நான்கு வருஷமாகப் பிரச்சினை இல்லை. பாசத்தைப் பார்த்தால் பணம் போகும்.

தஞ்சை மகள்:

நேர்வழி அண்ணா, உங்கள் மாமனாருக்கு அது சரிப்பட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் 25 லட்சம் லாட்டரி என்று வந்தது. டிவி குரோர்பதி நிகழ்ச்சியின் பெயரைத் திருடி வருஷக்கணக்காக நாடு முழுக்கச் சுற்றுகிற மோசடி. பிரதமர் படம், பெரிய முதலாளி படமெல்லாம் ஒட்டி, ஆடியோவும் சேர்த்து அனுப்புவார்கள். எண் +92 என்று ஆரம்பிக்கும், அது பாகிஸ்தான் கோடு. அம்மா 8,000 கட்டியபோது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கத்தினேன். "படிச்சவதானே நீ" என்று கேட்டேன். அந்த வார்த்தையை இன்றுவரை நினைத்து அழுகிறேன். ஸ்மார்ட்போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து லேண்ட்லைனுக்கு ஒரு போன். "சைபர் போலீஸ் பேசறோம், நீங்க இழந்த பணத்தை மீட்டாச்சு, கோர்ட் கட்டணம் 15,000 கட்டினா வந்துரும்." ஏமாந்தவர்களின் பட்டியல் கை மாறும் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியிருக்கிறார். பின்னால் கேட்டபோது சொன்னார்: "அந்த எட்டாயிரத்தை மீட்டு உன் கையில குடுத்துட்டா நீ மறுபடி பழையபடி பேசுவேன்னு நெனச்சேன்."

போனைப் பிடுங்கியதால் அந்த 15,000 போகாமல் இருந்ததா? போனது. என்னிடம் சொல்கிற பழக்கம்தான் நின்றது.

கோவில்பட்டி அண்ணா, வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாதீர்கள். சாப்பிடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். மீட்டுத் தருகிறோம் என்று இனிமேல் ஒரு போன் வரும் என்பதை மட்டும் இப்போதே இருவரிடமும் சொல்லி வையுங்கள். போலீஸும் கோர்ட்டும் போனில் பணம் கேட்காது.

நேர்வழி:

தங்கச்சி, இதை நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் மாமனார் அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பது உண்மைதான். வயசு என்று விட்டுவிட்டோம்.

பாலக்காட்டுத் தமிழன்:

இதோடு ஒட்டிய இன்னொன்று. தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன்னால் பெட்டிக்கடைதோறும் சீட்டு தொங்கியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம் அப்பாக்கள். அந்த ஆசை இன்னும் உள்ளே இருக்கிறது. 2023இல் கேரள ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாறில் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விழுந்தபோது பேப்பரெல்லாம் அதுதான். 'நமக்கும் விழலாம்' என்கிற எண்ணத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் விழுந்திருக்கிறது.

அதை வைத்துத்தான் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் 'கேரளா லாட்டரி ஆன்லைன்' என்று விற்கிறார்கள். கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டும்தான் விற்கப்படுகிறது. ஆன்லைனில் விற்பனை இல்லை. சீட்டின் படத்தை போனில் அனுப்புவான், அடுத்த நாள் 'உங்களுக்கு 5 லட்சம் விழுந்துவிட்டது, ஜிஎஸ்டி கட்டுங்கள்' என்பான். உண்மையான பரிசை வாங்க அசல் சீட்டு கையில் வேண்டும், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 5,000 வரைக்கும் சீட்டுக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். யாரும் நம்மைத் தேடி போன் செய்ய மாட்டார்கள். வாங்கினவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது! என் சித்தப்பாவுக்கு இந்த ஒன்றுதான் உறைத்தது. "கடைக்காரன் என் பேரைக் கேட்கலையே, அப்ப எப்படி அவனுக்கு என் நம்பர் தெரியும்" என்று அவரே கேட்டார்.

வெளிநாட்டு லாட்டரி என்று வந்தால் இன்னும் எளிது. லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கு 2000ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளிலேயே தடை இருக்கிறது.

கோவில்பட்டிக்காரன்:

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒன்றும் சொல்லாமல் தோசை சாப்பிட்டேன். அப்பா அவராகவே டைரியை எடுத்து வந்து காட்டினார். எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்: தேதி, நேரம், பேசியவன் சொன்ன பெயர், எந்தெந்த நம்பர், கட்டிய தொகை. கார்டைச் சுரண்டிய வெள்ளித் தூள் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு கணக்கு. 'தம்பி வீட்டுக் கடன் – 6 லட்சம். பாப்பா காலேஜ் – 3. இவளுக்கு வளையல். மாரியம்மன் கோயில் – 5,000.' தம்பி என்றால் நான்தான். அவருக்கென்று ஒரு வரிகூட இல்லை.

விலாசம் எப்படிப் போனது என்பதும் பிடிபட்டது. போன வருஷம் டிவி விளம்பரம் பார்த்து மூட்டுவலி பெல்ட் ஒன்று வாங்கியிருக்கிறார். அந்தப் பார்சல் அட்டை பரணில் இருந்தது. அதில் கதவு எண் தப்பாக அச்சாகியிருக்கிறது. பரிசுக் கவரிலும் அதே தப்பு. அப்பாவிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:

தம்பி, எனக்கு 71 வயது. இங்கே எல்லோரும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் ஏமாந்தவள். 1,12,000 ரூபாய். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்கு அப்போது கண் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பரிசு என்று பேசிய பையன் இரண்டாம் நாளே அதைத் தெரிந்துகொண்டான். அதற்கப்புறம் தினமும் "மருந்து விட்டுட்டீங்களாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பான். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. விட்டேனா என்று அவன் ஒருவன்தான் கேட்டான்.

பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது தம்பி. இதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. மூன்றாவது தடவை கட்டும்போது கை நடுங்கியது. ஆனால் நிறுத்தினால் அன்றைக்கே நான் ஏமாந்தவள். கட்டினால் இன்னும் ஏமாறவில்லை, இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளைத்தான் நான் மறுபடி மறுபடி காசு கொடுத்து வாங்கினேன். பேராசை என்று வெளியில் சொல்வார்கள். எனக்குப் பயம்தான் இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், ஊர் முன்னால் எப்படி நிற்பது என்கிற பயம்.

உங்கள் அப்பா 'நடுவுல புகுந்து கெடுத்துராதே' என்று சொன்னாரே, அது நம்பிக்கையால் மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. 'மோசடி, மோசடி' என்று நிரூபித்துக்கொண்டே போகாதீர்கள். நிரூபிக்க நிரூபிக்க அவருக்கு இறங்கி வர வழி இருக்காது. இது அவருக்கு மட்டும் நடக்கவில்லை என்பது தெரிந்தால் போதும். வேண்டுமானால் நான் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். என் ஊர் மட்டும் வேண்டாம்.

வைகைக்கரை:

டீச்சரம்மா, கண்ணீர் வந்துவிட்டது. வணக்கம் அம்மா.

கணினிக்கடை:

அப்பா போனை இன்று கையில் எடுக்கும்போது செய்ய வேண்டியவை, சுருக்கமாகச் சொல்கிறேன். அவரிடம் காட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், தெரியாமல் செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப் அமைப்புகளில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். குழுவில் சேர்க்கும் உரிமையைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். போன் திரையை அடுத்தவருக்குக் காட்டும் ஆப் ஏதாவது ஏற்றச் சொல்லியிருக்கிறானா என்று தேடுங்கள், இருந்தால் நெட்டை அணைத்துவிட்டு நீக்குங்கள், வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். யுபிஐ பின் என்பது பணம் அனுப்பும்போது போடுவது, வாங்குவதற்குத் தேவையே இல்லை. இதைத் தாளில் எழுதி ஒட்டலாம். மோசடி நம்பர்களை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் செய்யலாம்.

பழைய கேஷியர்:

வங்கிப் பக்கமும் ஒன்று. அப்பாவின் மொத்தச் சேமிப்பும் ஒரே கணக்கில் இருந்தால் பிரித்துவிடுங்கள். பென்ஷனோ மாதச் செலவோ வருகிற கணக்கு ஒன்று, அதில் மட்டும் கார்டு, யுபிஐ எல்லாம். மீதியை டெபாசிட்டில் போட்டு அம்மா பெயரையும் சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று வைத்துவிடுங்கள். பெரிய தொகை வெளியே போகும் முன்னால் வீட்டில் இரண்டு பேர் பேசியாக வேண்டும் என்று ஆகிவிடும். பணம் அவர் பணமாகவே இருக்கும், சாவி உங்கள் கையில் இருக்காது. அதுதான் மரியாதை.

கோவில்பட்டிக்காரன்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

டீச்சரம்மா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊர் பேர் எதுவும் சொல்லவில்லை. முடித்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "அந்தம்மா எவ்வளவு கட்டினாங்கன்னு சொன்னே?" ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்றேன். "கண்ணு இப்ப நல்லா இருக்காமா?" என்றார். அதற்குப் பிறகு மாடியில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, "புகாரை நானே எழுதறேன்" என்றார்.

இரண்டு பக்கம், தேதி வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் அவர் கையெழுத்தில். ஸ்டேஷனில் அந்த டைரியின் நகலையும் வாங்கிக்கொண்டார்கள். பேசியவர்கள் பயன்படுத்திய ஏழு நம்பர்களும் அதில் இருந்தன. 29,600இல் 11,000 ரூபாயைப் பிடித்து வைத்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அது கைக்கு வர இன்னும் சில நடைமுறை இருக்கிறதாம். முதல் இரண்டு தொகைகளும் போனதுதான்.

நேற்று மறுபடியும் ஒரு போன். வேறு ஆள், 'மீட்டுத் தருகிறோம்' என்றுதான் ஆரம்பித்தான். தஞ்சை அக்கா சொன்னது அப்படியே நடந்தது. அப்பா பேசவிட்டு நம்பரை டைரியில் எட்டாவதாகக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

டெபாசிட்டை அம்மா பெயரும் சேர்த்து மாற்ற நாளை வங்கிக்குப் போகிறோம். பணம் அனுப்பிய மொபைல் கடையில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. 'பரிசுக்கு வரி, பதிவுக் கட்டணம் என்று யாராவது பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பும் முன் வீட்டில் கேட்கவும். அனுப்பிவிட்டால் உடனே 1930.' கடைத் தம்பி கேட்டுக்கொண்டதால் அப்பாதான் எழுதிக் கொடுத்தார். அந்த நாலு எண்ணை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார், பற்று எழுதுகிற மாதிரி.